புறாமலைக்கு இன்னொரு போட் தேவையா?

சென்ற மாதம் கடையில் கயிறு வாங்க வந்த ஒரு தம்பி, காசைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார். ஊர் கிண்ணியா. மாமாவின் பழைய ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய் வருபவர். "காக்கா, உங்களிட்ட ஒரு யோசனை கேக்கணும். லீசிங் போட்டு புது போட்டும் எஞ்சினும் எடுத்து நிலாவெளியில புறாமலைக்கு ஓட்டலாம் என்று இருக்கன். ரெண்டு சீசன்ல கடன் முடியும் என்று எல்லாரும் சொல்றாங்க" என்றார். கடையில் ஆட்கள் நின்றதால் ஆறுதலாகப் பேச முடியவில்லை. அவருக்கும் அவரைப் போல யோசிக்கும் ஏனைய சகோதரர்களுக்குமாக இந்த வாரம் இதையே எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். புறாமலை என்பது நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் உள்ள சிறு தீவு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. கடலையும் சேர்த்து அதன் பரப்பு 471 ஹெக்டயர். சுற்றிலும் முருகைக்கற்பாறைகள், வண்ண மீன்கள், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள். உல்லாசப் பயணி வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட்டை எடுத்து, போட் கூலியைத் தனியாகக் கொடுத்து ஏறுவார். பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவார்.

அந்தப் பத்து நிமிடத்தை விற்பதற்கு ஏற்கனவே கரை நிறையப் போட்டுகள் காத்து நிற்கின்றன. இன்னொரு போட் போய் நின்றால் வரும் ஆட்கள் கூடப் போவதில்லை, முறைதான் பிந்திப் போகும். கடைத்தெருவில் ஒருவர் போன் கடை போட்டு உழைத்தால் அடுத்த வருடம் அதே வரிசையில் ஏழு போன் கடை வருகிறதே, அந்தக் கதைதான்.

அடுத்தது நாட்கணக்கு. எமது கரையில் சீசன் மே தொடக்கம் செப்டம்பர் வரை. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் போட்டைக் கரையில் இழுத்து வைக்க வேண்டியதுதான். சீசனுக்குள்ளும் கச்சான் காற்று கடுமையாக வீசும் நாட்கள் உண்டு. பள்ளி விடுமுறையும் பெருநாளும் நீண்ட வார இறுதிகளும்தான் உண்மையான உழைப்பு நாட்கள். லீசிங் தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். அதற்குள் இருக்கும் வட்டி பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் வியாபாரக் கண்ணால் பார்த்தாலும், ஐந்து மாத உழைப்புக்குப் பன்னிரண்டு மாதத் தவணை பொருந்தாத கணக்கு.

இதை நான் வாயால் அளக்கவில்லை. 2018இல் ஒருவரோடு முழாரபா முறையில் சேர்ந்து ஒரு போட்டில் பணம் போட்டேன். முதல் என்னுடையது, உழைப்பு அவருடையது. ஒரு சீசன் நன்றாகப் போனது. 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புகள் நடந்தன. அந்த வருடம் கரையில் காகம்தான் நின்றது. 2020இல் கொரோனா. பிறகு 2022இல் எரிபொருள் வரிசை. அந்த ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. முழாரபாவில் நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். அப்படியே இருவருக்கும் போனது. அவர் கடன்காரராகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல், அல்ஹம்துலில்லாஹ். அதே போட்டை லீசிங்கில் எடுத்திருந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள்.

மூன்றாவது விஷயத்தைத்தான் எம்மவர்கள் கணக்கில் சேர்ப்பதேயில்லை. புறாமலை வியாபாரத்தின் முதல் போட்டும் அல்ல, எஞ்சினும் அல்ல, தண்ணீருக்குக் கீழே இருக்கும் முருகைக்கல். கல் போல வளரும் வகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். நங்கூரம் ஒன்று இழுபட்டால் ஐம்பது வருட வளர்ச்சி ஒரு நிமிடத்தில் போய்விடும். ஆழம் குறைந்த இடத்தில் அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களை நானே கண்டிருக்கிறேன். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பக்கம் முருகைகள் வெளுத்து அழிந்தபோது திருகோணமலை தப்பியது. எப்போதும் தப்பும் என்று எழுதித் தந்தவர் யாருமில்லை. முதலையே எடுத்துத் தின்று அதை இலாபம் என்று எழுதும் கடைக்காரரை நாம் என்ன சொல்வோம்?

மத்திய தரைக் கடலில் மால்ட்டா என்றொரு தீவு நாடு. அதன் அருகே கொமினோ என்ற குட்டித் தீவு, மூன்றரைச் சதுர கிலோமீற்றர். அவர்கள் மொழியில் அதன் பெயர் கெம்மூனா, அதாவது சீரகம். அறபிகள் ஆண்ட காலத்துச் சொல்தான், இன்றும் அங்கே கடலுக்கு 'பஹர்' என்கிறார்கள். அந்தச் சீரகத் தீவின் நீலக் குடாவுக்குப் படகுகள் ஆட்களைக் கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டி, நிற்க இடமில்லாமல் போனது. கடைசியில் 2025 மே தொடக்கம் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், ஒரே நேரத்தில் 4000 பேருக்கு மேல் இல்லை என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. எங்கள் கரையிலும் அப்படியொரு நாள் வரலாம். அன்று முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது கடைசியாக வந்த போட்தான்.

அப்படியானால் தொழிலே வேண்டாம் என்கிறேனா? இல்லை. தம்பியிடம் நான் கேட்க நினைத்த கேள்வி வேறு. கிண்ணியாவில் இருந்துகொண்டு ஏன் நிலாவெளிக்கு ஓடுகிறீர்கள்? உங்கள் வீட்டு வாசலில் கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி வந்து கலக்கும் இடம். 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் தகப்பனோடு பிடிபட்டது இந்தக் கரையில்தான். பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கிடந்து தப்பிப் போய் எழுதிய புத்தகத்தால் உலகமே இலங்கையை அறிந்தது. மூதூர்ப் பக்கம் போனால் குடாவின் தெற்கு வாயிலில் ஃபவுல் பொயின்ட் வெளிச்சவீடு. வடக்கே பார்த்தால் கடலிலிருந்து சுவாமி மலை. கரையிலிருந்து கோணேசர் கோயிலைப் பார்த்தவர்கள் இலட்சக்கணக்கில் இருப்பார்கள், கடலில் நின்று அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? சீனக்குடாவில் மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் வரும் பெரிய கப்பல்களைப் பார்ப்பதே கொழும்புப் பிள்ளைகளுக்கு ஒரு திருவிழா. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் எரித்த சகாயிங் என்ற கப்பல் இந்தத் துறைமுகத்தில்தான் கிடந்தது. 2018இல் கடற்படையினர் அதை மிதக்கவைத்து, அப்பால் கொண்டுபோய் மறுபடி தாழ்த்தினார்கள். துறைமுகத்துக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிகக் கிட்ட வருவதால்தான் திமிங்கிலங்களும் இங்கே கிட்ட வருகின்றன.

இதெல்லாம் சொல்லத் தெரிந்த ஒரு படகோட்டி பத்து நிமிடத்தை அல்ல, அரை நாளை விற்கலாம். அக்குறணையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் எமது குடும்பங்கள் என்ன தேடுகின்றன? பெண்கள் சங்கடமில்லாமல் இருக்கத் தங்களுக்கென்று தனிப் போட், தொழுவதற்கு ஓரிடம், கரையில் இறங்கியதும் கிண்ணியாப் பெண்கள் ஆக்கிய சுடச்சுட மீன் சோறு. அந்தச் சோற்றில் இன்னொரு வீட்டுக்கும் அடுப்பெரியும்.

துறைமுகத்தின் உட்பகுதி கடற்படையின் கட்டுப்பாட்டில் உள்ளது, நினைத்த இடத்தில் நுழைய முடியாது. மீன்பிடிப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு பயணிகளை ஏற்றலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு சதம் செலவழிக்க முன் அலுவலகங்களில் ஏறி இறங்கி, எங்கே ஓடலாம், எத்தனை பேர் ஏற்றலாம் என்று எழுத்தில் எடுங்கள்.

கூலி பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர் ஹஜ்ஜை முடித்துத் திரும்புகையில், 1184 டிசம்பரில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா அருகே அவரது கப்பல் உடைந்தது. கரையிலிருந்து சிறு படகுகள் வந்தன, ஆனால் காப்பாற்றுவதற்குப் பெரிய கூலி கேட்டன. ஏழை முஸ்லிம்களிடம் பணமில்லை. அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்னர் வில்லியம் தன் காசைக் கொடுத்து அவர்களை இறக்குவித்தார். பிறகு இப்னு ஜுபைர் அதே தீவின் கரையோரமாகச் சிறு படகில் பலெர்மோ நோக்கிப் போனார், கண்ட ஊர்களையும் எழுதினார். ஆனாலும் எண்ணூறு வருடம் கழித்து என் மனதில் நிற்பது அந்தப் படகுக்காரர்கள் கேட்ட கூலிதான். கரையில் ஒரு விலை, கடலில் ஒரு விலை சொல்பவர்கள் எங்களிலும் உண்டு. கூலியைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை எஞ்சினுக்கு முதல் வாங்குங்கள், பிள்ளைகளின் அளவிலும் வாங்குங்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்குப் போன பிள்ளைகளை ஏற்றிய மிதவை கவிழ்ந்ததை எங்கள் ஊர் மறக்கவில்லை. அது நடந்தது ஆழ்கடலில் அல்ல, அக்கரை தெரியும் களப்பில்.

தம்பி, மாமாவின் போட் இருக்கும்போது புதிதுக்கு ஏன் அவசரம்? அதன் நீளம், அகலம், எஞ்சினின் வலு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கடையில் ஆட்கள் குறைவு. மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.