கன்னிமாரா ஓட்டல்: பலம் எது? பலவீனம் எது?

சென்னை அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசாவுக்கு பக்கத்தில், பின்னி சாலையில் இருக்கிறது கன்னிமாரா ஓட்டல். 1854-ல் ‘இம்பீரியல்’ என்று தொடங்கி, 1886-ல் ‘ஆல்பனி’ ஆகி, 1890-ல் கவர்னர் கன்னிமாரா பிரபுவின் பெயரை பெற்றது. எழும்பூர் நூலகத்துக்கும் இவர் பெயர்தான். இப்போது தாஜ் குழுமம் நடத்துகிறது.

170 வயசு ஓட்டலுக்கு என்ன பலம்? முதலில், இடம். நகரின் நட்ட நடுவில் இருந்தும் மெயின் ரோட்டில் இருந்து சற்று உள்ளடங்கி நிற்கிறது. அடுத்தது, கட்டிடம். 1930-களின் ‘ஆர்ட் டெகோ’ பாணியும், பின்னர் இலங்கை கட்டிட கலைஞர் ஜெப்ரி பாவா செய்த மாற்றங்களும் புது ஓட்டல்களில் கிடைக்காது. இங்குள்ள ‘ரெயின்ட்ரீ’ உணவகம் செட்டிநாடு சாப்பாட்டுக்கு பேர் போனது.

பலவீனமும் அதே வயசுதான். பழைய கட்டிடங்களில் தண்ணீர் குழாய், ஒயர், ஏ.சி. எல்லாம் காலத்துக்கு காலம் நுழைத்தவை. ஒன்றை மாற்ற சுவரை உடைக்கணும். பழைய அழகும் கெடக்கூடாது. தங்கி இருப்பவர்களை வைத்துக்கொண்டு அதை செய்ய முடியுமா? 2016-ல் மூடிய கன்னிமாரா, புதுப்பித்து 2018-ல்தான் திறந்தது.

அவ்வளவு நாள் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்க பெரிய கம்பெனியால்தான் முடியும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கொடிகட்டி பறந்த தாசப்பிரகாஷ் ஓட்டல் இன்று இல்லை.

பழைய ஓட்டல் ஒன்று போனால் கட்டிடம் மட்டுமா போகிறது? சமையல்காரர், ரூம் பாய், வாசலில் சவாரிக்கு நிற்கும் ஆட்டோக்காரர் பிழைப்பும் சேர்ந்தே போகிறது.