முதல்ல கொட்டேஷன்... அப்புறம்தான் சாவி!

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் தேர் இழுக்க ஊரே திரளுமே... நம்ம வீட்ல முதல் கார் வாங்கறப்பவும் கிட்டத்தட்ட அப்படித்தான். குடும்பமே ஷோரூமுக்குக் கிளம்பிடும். தாத்தா கலர் பார்ப்பார். அம்மா நல்ல நாள் பார்ப்பாங்க. அப்பா மைலேஜ் கேட்பார். சித்தப்பா ஏ.சி-யைப் போட்டுப் போட்டு அணைப்பார். காபி வரும், கைகுலுக்கல் வரும், கடைசியா ஒரு கட்டுப் பேப்பர் வரும். அத்தனையும் இங்கிலீஷ்! அப்பதான் மொத்தக் கூட்டமும் உங்க பக்கம் திரும்பும். 'காலேஜ் படிக்கிற பிள்ளைதானே... நீ பாருப்பா!'

அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான் இந்த மேட்டர். ஏன்னா, விலையில ரெண்டாயிரம் குறைக்க ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுற நாம, அந்தப் பேப்பர்ல இருபதாயிரத்தைக் கண்ணை மூடிக்கிட்டு விட்டுட்டு வர்றோம்.

முதல்ல ஒரு நிஜக் கதை. கோவாவுல ஒருத்தர் 2011-ல புது டாடா கார் ஒண்ணுக்கு முழுப் பணமும் கட்டினார். டீலர் அவருக்குக் கொடுத்தது 2009-ல தயாரான வண்டி! அதுவும் ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடியது, அடியில துரு வேற. மனுஷன் விடலை. நுகர்வோர் மன்றத்துல ஆரம்பிச்ச வழக்கு, 2021 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. இதுல கம்பெனிக்குத் தெரிஞ்சு நடந்ததா ஆதாரம் இல்லை, பொறுப்பு டீலரோடதுதான்னு தீர்ப்பு. பத்து வருஷம் பாஸ்! 'பெரிய கம்பெனி வண்டி, ஏமாத்த மாட்டாங்க'னு நாம நம்புறது கம்பெனியை. பில் போடுறதோ டீலர். ரெண்டும் வேற வேற ஆளுங்கங்கறதைத்தான் அந்தத் தீர்ப்பு சொல்லுது.

அவருக்கு நடந்தது நமக்கும் நடக்காம இருக்கணும்னா, வண்டியோட பிறந்த தேதியைப் பார்க்கணும். டீலர் கொடுக்கிற விற்பனைச் சான்றிதழ், அதாவது ஃபார்ம் 21-ல, தயாரான மாசமும் வருஷமும் இருக்கும். அதுல இருக்கிற சேஸிஸ் நம்பரும் வண்டியில பொறிச்சிருக்கிற நம்பரும் ஒண்ணான்னு ஒவ்வொரு எழுத்தாப் பாருங்க. மொத்தம் 17 எழுத்து, எண். டயர் பக்கவாட்டுலயும் ஒரு நாலு இலக்கம் இருக்கும். 3225-னு இருந்தா 2025-ம் வருஷம் 32-வது வாரத்துல செஞ்ச டயர்னு அர்த்தம். வண்டி 'போன வாரம்தான் வந்துச்சு'னு சொல்லி, டயர் ஒன்றரை வருஷம் பழசா இருந்தா... கேள்வி கேட்க வேண்டியதுதான்.

டிசம்பர் ஸ்டாக்கை ஜனவரியில விக்கிறது தப்பில்லை. சொல்லிட்டு, தள்ளுபடி கொடுத்து விக்கலாம். நாளைக்கு நாம விக்கப் போறப்போ தயாரிப்பு வருஷத்தை வெச்சுத்தான் விலை பேசுவாங்க. அதனால சொல்லாம விக்கிறதுதான் தப்பு.

இன்னொண்ணு... இந்தச் செக்கிங்கை ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே செஞ்சிடணும். பதிவு பண்ணாம வண்டியை டெலிவரி கொடுக்கவே கூடாதுனு மத்திய மோட்டார் வாகன விதி இருக்கு. ஸோ, மாலை போட்டு, தேங்காய் உடைக்கிற நாள்ல பார்த்தா அது லேட். வண்டி அப்பவே நம்ம பேருக்கு வந்திருக்கும். 'மதுரை யார்டுல இருக்கு, அங்கெல்லாம் கஸ்டமரை விட மாட்டோம் சார்'னு சொன்னா, 'பார்த்த அப்புறம்தான் மிச்சப் பணம்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. சிரிப்பு முக்கியம். அந்த சேல்ஸ் அண்ணனுக்கும் மாச டார்கெட் கழுத்து வரைக்கும் இருக்கும், பாவம்!

அடுத்தது ஆன்-ரோடு கொட்டேஷன். சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி தறி ஓட்டுற எங்க பெரியப்பா ஆறரை லட்ச ரூபாய் காருக்கு ஒரு கொட்டேஷன் வாங்கிட்டு வந்தார். எந்த ஷோரூம்ங்கிறது வேணாம். அதுல 'ஆர்.டி.ஓ. செலவு'னு ஒரே வரியில ஒரு லட்சத்துச் சொச்சம். "இதென்ன பெரியப்பா?"னு கேட்டேன். "கவர்மென்டுக்குக் கட்டுறதுப்பா, அதுல பேரம் பேச முடியுமா?"ன்னார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 2023 நவம்பர்ல மாத்தின விகிதப்படி, தமிழ்நாட்டுல அஞ்சு லட்சத்துலேர்ந்து பத்து லட்சம் வரைக்கும் இருக்கிற காருக்கு வாழ்நாள் வரி 13 சதவிகிதம். ஆறரை லட்சத்துக்கு 84,500 ரூபாய். காரோட பதிவுக் கட்டணம் 600, ஸ்மார்ட் கார்டு 200. கடன்ல வாங்கினா அதைப் பதிய 1,500. கூட்டிப் பாருங்க... 86,800. மிச்சம் யாருக்கு?

'வரியைத் தனியா, கட்டணத்தைத் தனியா எழுதிக் கொடுங்க'னு பெரியப்பா கேட்டார். புதுக் கொட்டேஷன்ல தொகை தானாவே குறைஞ்சுது. ஆனா, 'ஹேண்ட்லிங் சார்ஜ்'னு புதுசா ஒரு வரி முளைச்சிருந்துச்சு! எந்த அரசுக் கட்டணப் பட்டியல்லயும் இல்லாத பேரு அது. அதையும் அடிக்க வெச்சுட்டுத்தான் பெரியப்பா எழுந்தார். எனக்குத் தெரிஞ்சு ராஜபாளையத்து நாய்க்கு அடுத்தபடியா விடாப்பிடி அவர்தான்.

இன்சூரன்ஸ்லயும் இதே விளையாட்டு. 'எங்ககிட்ட எடுத்தாதான் கேஷ்லெஸ் கிடைக்கும்'பாங்க. கேஷ்லெஸ்ங்கிறது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் இருக்கிற ஒப்பந்தம். பாலிசியை எங்கே வாங்கினோம்ங்கிறது அதுல வராது. புது காருக்கு மூணு வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம். 2018 செப்டம்பர்லேர்ந்து அப்படி. நம்ம வண்டி சேதத்துக்கான பாலிசியை வருஷா வருஷம், வேற கம்பெனியிலகூட எடுக்கலாம். தன்கிட்டதான் எடுக்கணும்னு டீலர் கட்டாயப்படுத்தக் கூடாதுனு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2017-லயே விதிமுறை போட்டாச்சு. வெளியில ஒரு கொட்டேஷன் வாங்கிட்டுப் போய் டேபிள் மேல வைங்க. அங்கேயே விலை இறங்குற அதிசயம் பார்க்கலாம்.

லோன் விஷயத்துல நம்ம இன்ஜினீயரிங் மேத்ஸ் கொஞ்சம் உதவும். 'வெறும் 7 பர்சென்ட் சார்'னு சொன்னா, ஃப்ளாட்டா, ரெட்யூஸிங்கானு கேளுங்க. அஞ்சு லட்சம், அஞ்சு வருஷம், 7 சதவிகிதம் ஃப்ளாட்னா மாசம் 11,250. கட்டின அசலுக்கும் சேர்த்தே கடைசி வரைக்கும் வட்டி கட்டுறோம். ரெட்யூஸிங் கணக்குல பார்த்தா அது சுமார் 12.5 சதவிகிதம்! பேங்க்ல 9 சதவிகிதம் ரெட்யூஸிங்ல அதே கடனுக்கு 10,380 பக்கம்தான் வரும். 7-ஐ விட 9 சீப்! 2024 அக்டோபர்லேர்ந்து, கடனோட எல்லாச் செலவையும் சேர்த்த வருஷ விகிதத்தை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு இருக்கு. அந்தப் பேப்பர் வராம கையெழுத்துப் போட வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க.

அட்வான்ஸ் விஷயம் சின்னதுதான். சேல்ஸ்மேனோட சொந்த போன் நம்பருக்குப் பணம் அனுப்பாதீங்க. டீலர் அக்கவுன்ட்டுக்கு மட்டும் போடுங்க. கேன்சல் பண்ணா எவ்வளவு திரும்ப வரும்னு ரசீதுலயே எழுதி வாங்கிடுங்க.

இவ்வளவும் பார்த்து, அப்புறமும் ஏமாத்திட்டாங்கன்னா? 'மதுரையில வாங்கினோம், அங்கே போய் அலையணுமே'னு பல பேர் விட்டுடுறாங்க. அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம். முதல்ல 1915-க்குப் போன் பண்ணிப் பார்க்கலாம். அதுல சரியாகலைன்னா, பிரச்னை வந்த ரெண்டு வருஷத்துக்குள்ள வழக்கு. அஞ்சு லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்குக் கட்டணமே கிடையாது, பத்து லட்சம் வரைக்கும் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. கொட்டேஷன், ரசீது, ஃபார்ம் 21 காப்பி கையில இருந்தா நீங்களே பேசலாம். விருதுநகர் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் இருக்கு. ராஜபாளையத்துலேர்ந்து பால்கோவா வாங்கப் போவீங்களே... அதே பஸ்தான்!