கெரில்லா (சொல்)

கெரில்லா என்பது அரசின் முறையான படையில் சேராமல், சிறு குழுக்களாக மறைந்திருந்து தாக்கிவிட்டு விலகும் போராளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். இச்சொல் எசுப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் கரந்தடிப் படையினர், மறைந்திருந்து தாக்கும் போராளி எனப் பலவாறு எழுதப்படுகிறது.

சொற்பிறப்பு

எசுப்பானியத்தில் 'கெர்ரா' என்றால் போர். அதனோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'சிறு போர்' என்ற பொருளில் இச்சொல் உருவானது. ஆகவே மூலமொழியில் இது போரின் பெயர். ஆளின் பெயர் அன்று. போரிடுபவரை எசுப்பானியர் 'கெர்ரிய்யேரோ' என்பர், பெண்ணாயின் 'கெர்ரிய்யேரா'. ஆங்கிலேயர் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் போரின் பெயரையே ஆளுக்கு வைத்துவிட்டனர். 1809ஆம் ஆண்டு முதலே ஆங்கிலத்தில் இப்பொருள் காணப்படுகிறது. 'கெரில்லாப் போர்' என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'சிறுபோர்ப் போர்' என்றாகும். 'நடுச் சென்டர்' என்பது போன்ற கூறியது கூறல்தான், ஆனால் இன்று எவருக்கும் அது உறுத்துவதில்லை.

பெயரும் உயிரும்

1808இல் நெப்போலியன் தன் அண்ணன் யோசப்பை எசுப்பானிய அரியணையில் அமர்த்தினார். முறையான படைகள் தோற்ற பின்னும் உழவர், பாதிரியார், கடத்தல்காரர், சிதறிய படைவீரர் எனப் பலரும் குழுக்களாகத் திரண்டு பிரெஞ்சுத் தூதர்களையும் வண்டித் தொடர்களையும் தாக்கினர். நவார் பகுதியின் எசுபோசு இ மினா அவர்களுள் பெயர் பெற்ற தலைவர். பிரெஞ்சுப் படையினர் இவர்களைப் போர்வீரராக ஏற்கவில்லை, 'கொள்ளையர்' என்றனர். இது வெறும் வசைச்சொல் அன்று. பிடிபட்ட போர்வீரர் சிறைப்படுத்தப்படுவார், பிடிபட்ட கொள்ளையர் தூக்கிலிடப்படுவார் அல்லது சுடப்படுவார். அண்டலூசியாவில் இருந்த தளபதி சூல்ட், யோசப் மன்னரின் படையன்றி வேறு எதுவும் எசுப்பானியாவில் படையே அல்ல என்று 1810இல் ஆணையிட்டார். பிடிபட்ட தன் ஆட்கள் கொல்லப்பட்டால் பிரெஞ்சுக் கைதிகளையும் கொல்வதாக மினா 1811இல் அறிவித்தார்.

இதே சிக்கல் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் எழுந்தது. தளபதி ஆலெக்கின் வேண்டுகோளின்படி சட்ட அறிஞர் பிரான்சிசு லீபர் 1862இல் கெரில்லாக்கள் பற்றித் தனியே ஓர் ஆய்வுரை எழுதினார். மறு ஆண்டு வெளியான லீபர் விதித்தொகுப்பு, சீருடை அணிந்து படையின் ஒரு பகுதியாகத் தனித்து இயங்குவோருக்குப் போர்க்கைதி உரிமை அளித்தது. சண்டையிட்டுவிட்டு வீடு திரும்பிக் குடிமக்களாகக் காட்டிக்கொள்வோரை அது வழிப்பறிக்காரரோடு சேர்த்தது.

1899, 1907 எகு உடன்படிக்கைகளும் 1949ஆம் ஆண்டின் மூன்றாம் செனீவா உடன்படிக்கையும் இதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்தன. பொறுப்புள்ள தலைவர் இருக்க வேண்டும். தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம் அணிய வேண்டும். ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்த வேண்டும். போர் விதிகளை மதிக்க வேண்டும். மறைவையே வலிமையாகக் கொண்ட ஒருவரிடம் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளத்தைக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. அதனால் 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறை இதைத் தளர்த்தியது. அதன்படி, சில சூழல்களில் மோதலின்போதும், தாக்குதலுக்கு அணிவகுக்கையில் எதிரியின் கண்ணில் படும்போதும் ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்தினால் போதும். அமெரிக்கா இதில் ஒப்பமிட்டும் உறுதிசெய்யவில்லை. இந்தியாவும் இலங்கையும் இந்நெறிமுறையில் சேரவில்லை.

உள்நாட்டுப் போரில் போர்க்கைதி என்ற தகுதியே கிடையாது. ஆயுதம் ஏந்தியதற்காகவே ஓர் அரசு தன் குடிமகனை வழக்கில் நிறுத்தலாம். ஆயினும் பிடிபட்டவரையும் சரணடைந்தவரையும் கொல்வதையும் வதைப்பதையும் செனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் பிரிவு தடைசெய்கிறது. அவரைக் கெரில்லா என்றாலும், போராளி என்றாலும், பயங்கரவாதி என்றாலும் அந்தத் தடை மாறாது.

தமிழில்

'கரந்தடி' என்பது கரந்து (மறைந்து) அடித்தல் என்று பொருள்படும் நல்ல ஆக்கம். ஈழத்து எழுத்தில் இது பெருவழக்கு. சங்க இலக்கியத்தின் கரந்தைத் திணையோடு இதைத் தொடர்புபடுத்துவது பிழை. அத்திணை, பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதைப் பற்றியது, கரந்தைப் பூவால் பெயர் பெற்றது. 'போராளி' என்ற சொல் இன்னும் அகன்றது. ஆயுதம் தொடாத சமூகப் போராளியையும் அது உள்ளடக்குவதால், கெரில்லா என்பதற்கு அது மட்டும் போதாது.

எழுத்துக்கூட்டலில் ஒரு குழப்பம் நீடிக்கிறது. ஆங்கிலத்தில் இச்சொல்லும் மனிதக் குரங்கின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிப்பதால், தமிழ் இதழ்கள் இரண்டையும் 'கொரில்லா' என்றே எழுதி வந்துள்ளன. சோபாசக்தியின் 2001ஆம் ஆண்டுப் புதினத்தின் பெயரும் 'கொரில்லா' என்பதே. குரங்கைக் 'கொரில்லா' என்றும் போராளியைக் 'கெரில்லா' என்றும் பிரித்து எழுதுவது தெளிவு தரும்.

பிற பயன்பாடு

எதிர்பாராத இடத்தில், குறைந்த செலவில், அனுமதி கேளாமல் செய்யும் செயல்களுக்கும் ஆங்கிலத்தில் இச்சொல் அடைமொழியாகிறது. 'கெரில்லா விளம்பரம்' அப்படிப்பட்டது. பிறர் நிலத்தில் சொல்லாமல் செடி நடுவது 'கெரில்லாத் தோட்டம்'. கலைக்கூடங்களில் பெண் ஓவியர்களுக்கு இடமில்லாததை எதிர்த்து 1985இல் நியூயார்க்கில் தோன்றிய 'கெரில்லா கேர்ள்சு' குழுவினர், உறுப்பினர் ஒருவர் பெயரைப் பிழையாகக் குரங்கின் பெயராக எழுதிவிட்டதையே வாய்ப்பாக்கி, கொரில்லா முகமூடி அணிந்து தங்கள் அடையாளத்தை மறைத்துக்கொண்டனர்.