செம்மறியின் மடியை ஏன் தூக்கிப் பிடிக்கிறார்கள்?

தென் பிரான்சின் ரோக்ஃபோர் வட்டாரப் பண்ணைகளில், கறவை நேரமானால் லக்கோன் இனச் செம்மறிகள் மேடையேறி வரிசையாக நின்றுவிடும். கறப்பவர் கீழே பள்ளத்தில் நிற்பார். பின்னங்கால்களுக்கு இடையே கைவிட்டு, இரண்டே காம்புகளில் உறிஞ்சு குழல்களை மாட்டுவார். சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

எப்படி இவ்வளவு சீக்கிரம்?

பசுவின் மடியில் பெரும்பகுதிப் பால் நுண்ணறைகளில் தங்கியிருக்கும். ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோன் சுரந்து அவற்றைச் சுருங்கச் செய்தால்தான் கீழே இறங்கும். கறவைச் செம்மறிக்கோ பாதிக்கும் மேற்பட்ட பால் முன்பே மடியின் சேமிப்பறைக்கு வந்துவிடுகிறது. ஆனால் இயற்கை இங்கே ஒரு குறும்பு செய்திருக்கிறது: காம்புகள் பக்கவாட்டில் முளைத்திருப்பதால், அறையின் அடிப்பகுதி காம்பு மட்டத்துக்கும் கீழே தொங்கும். அங்குள்ள பால் தானாக வடியாது. உள்ளங்கையால் மடியைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால்தான் மிச்சமும் இறங்கும்.

பால் பசுவைவிட மிகக் குறைவு, ஆனால் கெட்டி. பசும்பாலில் சுமார் 4 சதவீதக் கொழுப்பு என்றால், இதில் 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். புரதமும் கூடுதல். சுமார் 4.5 லிட்டரிலேயே ஒரு கிலோ ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி தேறிவிடுகிறது.

ஆண்டு முழுக்கக் கறக்க முடியாது. ஈன்ற முதல் மாதம் பால் பெரும்பாலும் குட்டிக்குத்தான், அதன்பிறகே எந்திரத்துக்கு. கோடையில் மடி வற்றிவிடும். அதற்காகப் பசும்பாலைக் கலந்து சமாளிக்கவும் வழியில்லை: ரோக்ஃபோர் என்ற பெயருக்குச் செம்மறிப் பால் மட்டுமே என்று 1925ஆம் ஆண்டுச் சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது.