கரை காத்திருக்கிறது – 7: ஐம்பது நாள், மூன்று பையன்கள்

அட்டாஃபு தீவில் அந்த மூன்று பையன்களுக்கும் இறுதி வழிபாடு நடந்து முடிந்திருந்தது. சுமார் 500 பேர் கூடியிருந்தார்கள். தீவின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். புதைப்பதற்கு உடல் இல்லை. ஊரே அழுது தீர்த்துவிட்டு வீடு திரும்பியது.

அந்த நேரத்தில் மூன்று பையன்களும் உயிரோடுதான் இருந்தார்கள்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, சமோவாவுக்கு வடக்கே சுமார் 500 கிலோமீட்டரில் இருக்கிறது டோக்கலாவ். நியூசிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்ட மூன்று பவளத்தீவுகள். அவற்றில் ஒன்று அட்டாஃபு. விமான நிலையம் கிடையாது. வெளியுலகத்துக்குப் போக ஒரே வழி, சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல். அதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும். இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகள் படகோடு சேர்ந்தே வளர்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குச் சைக்கிள் எப்படியோ, அவர்களுக்குப் படகு அப்படி.

2010 அக்டோபர் 5. பதினைந்து வயதில் இருவர், பதினான்கு வயதில் ஒருவர், ஒரு சிறிய அலுமினியப் படகில் கிளம்பினார்கள். திரும்பவில்லை.

டோக்கலாவ் தீவுகள் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர்கூட உயராதவை. கரையில் 20 மீட்டர் தென்னை நின்றாலும், படகில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதன் உச்சி தெரிவது சுமார் 20 கிலோமீட்டர் வரைதான். அதைத் தாண்டிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். வீடு எந்தத் திசை என்பதே போய்விடும்.

நியூசிலாந்து விமானப்படை தேடியது. கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். பின்னால் அவர்கள் மீட்கப்பட்ட இடம் சுமார் 1,300 கிலோமீட்டர் தொலைவு. ஐம்பது நாளுக்கு வகுத்தால் மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். நடை பழகும் குழந்தையின் வேகம். ஆனால் காற்றும் நீரோட்டமும் இரவிலும் ஓய்வதில்லை. போன திசை தெரியாவிட்டால், பத்தே நாளில் தேட வேண்டிய பரப்பு 2 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிடும். தமிழ்நாடே 1.3 லட்சம்தான். அத்தனை பெரிய பரப்பில், அலைகளின் வெண்ணுரைக்கு நடுவே, ஒரு சின்னப் படகை மேலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

படகில் இருந்த கொஞ்சம் தேங்காய் சீக்கிரமே தீர்ந்தது. தார்ப்பாயில் மழைநீரைப் பிடித்துக் குடித்தார்கள். கைக்கு அகப்பட்ட மீனைப் பச்சையாகத் தின்றார்கள். ஒரு கடற்பறவையைப் பிடித்து மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கடைசி நாட்களில் மழையும் நின்றுவிட, கடல் நீரையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தொடங்கினார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் 35 கிராம் உப்பு. அதை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் குடித்ததைவிட அதிக நீர் தேவை. அதாவது, குடிக்கக் குடிக்க உடல் வற்றும். அவர்கள் அந்த விளிம்புக்கு வந்திருந்தார்கள்.

நவம்பர் 24. ஃபிஜிக்கு வடகிழக்கே, நியூசிலாந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது 'சான் நிக்குனாவ்' என்ற சூரை மீன்பிடிக் கப்பல். வழக்கமாக அது அந்தப் பாதையில் போவதில்லை. கப்பலில் இருந்தவர்கள் தூரத்தில் ஒரு சிறு படகைக் கண்டார்கள். இவ்வளவு ஆழ்கடலில் இவ்வளவு சின்னப் படகுக்கு என்ன வேலை? அருகே போய், உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். ஆம் என்று சொல்ல அந்தப் பையன்களுக்குக் குரல் மிச்சமிருந்தது.

உடல் மெலிந்து, வெயிலில் தோல் வெந்து, நீர் வற்றிப்போயிருந்தார்கள். ஃபிஜி கடற்படைப் படகு அவர்களைச் சுவா நகருக்குக் கொண்டுவந்தது. செய்தி அட்டாஃபுவை எட்டியதும், சனங்கள் தெருவில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததாகவும் பாடியதாகவும் ஒரு தந்தை சொன்னார்.

இதை அதிசயம் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. கப்பல் வழக்கமான பாதையில் போயிருந்தால், அந்த இறுதி வழிபாடே கதையின் முடிவாகியிருக்கும். கையில் அடங்குகிற ஓர் அவசரக் குறிகாட்டிக் கருவி, செயற்கைக்கோள் வழியாகப் படகின் இருப்பிடத்தைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ஒவ்வொரு சிறு படகிலும் அது இருக்க வேண்டும். கூடவே, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகிற பழக்கமும் வேண்டும். பிள்ளைகள் கடலுக்குப் போகத்தான் செய்வார்கள். போகாதே என்பதைவிட, சொல்லிவிட்டுப் போ என்பது அவர்கள் காதில் ஏறும்.

சுவாவில் கரையேறிய மூவரும் வீட்டுக்குப் போக இன்னொரு பயணம் பாக்கி இருந்தது. விமானம் இறங்காத தீவு அது. அந்தப் பயணத்தையும் கடல் வழியாகத்தான் முடித்தாக வேண்டும்.

(அடுத்த வாரம்: 2015 ஜூலையில் ஃபுளோரிடாவின் ஜூப்பிட்டரிலிருந்து 14 வயதுப் பையன்கள் இருவர் கிளம்பிய படகு, எட்டு மாதம் கழித்து பெர்முடா அருகே கிடைத்தது. படகு மட்டும்.)