புகை இல்லை, போதை உண்டு

கறித்தூளுக்கு மல்லி வறுக்கும்போது, அது கருகுவதற்கு முன்பே வாசம் வீடெங்கும் பரவுகிறது. நெருப்புப் பிடிக்காமலே, வெப்பத்தினால் மட்டும், மல்லியிலுள்ள எண்ணெய் ஆவியாகிறது. கவனிக்காது விட்டால் மல்லி கருகிப் புகை எழும். ஆவி வேறு, புகை வேறு.

இந்த வேறுபாட்டைக் கொண்டே, கஞ்சா பாவிப்போருக்கென ஒரு சிறு கருவி வெளிநாடுகளில் விற்கப்படுகிறது. அது கைக்குள் அடங்கும், மின்கலத்தில் இயங்கும். உள்ளே இடப்படும் உலர்ந்த கஞ்சாவை ஏறக்குறைய 180 முதல் 210 பாகை செல்சியஸ் வரை அது சூடாக்கும். கஞ்சா எரியாது. ஆவியாகும் போதைப்பொருளைப் பாவிப்பவர் உறிஞ்சுகிறார்.

எரியாதபடியால் தாரும் காபனோரொட்சைட்டும் குறைவு. இது உண்மை. ஆனால் குறைவது புகையே, போதை அல்ல. 2018இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், எப்போதாவது பாவிப்போர் ஒரே அளவு கஞ்சாவைப் புகைத்தபோதிலும் ஆவியாக உறிஞ்சியபோது போதையும் தடுமாற்றமும் கூடுதலாக இருந்தன.

இது எமக்கு ஏன்? முதலாவது, கனடாவில் 2018 முதல் வளர்ந்தோர் கஞ்சா பாவிப்பது சட்டபூர்வமானது. அங்கிருந்து விடுமுறையில் வரும் உறவினர் இக்கருவியைக் கொண்டுவரக்கூடும். ஆனால் இலங்கையில் 1929ஆம் ஆண்டின் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி கஞ்சாவை வைத்திருப்பதே குற்றம். அங்குள்ள சட்டம் இங்கு எவரையும் காப்பாற்றாது.

இரண்டாவது, இந்தியாவிலிருந்து படகுகளில் வரும் கஞ்சா வடகரையில் அடிக்கடி பிடிபடுகிறது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுவிக்கப்பட்டது. அதுவரை 27 ஆண்டுகள் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளே இன்றைய இளைஞர்கள். கவலையும் வேலையின்மையும் நித்திரையின்மையும் உள்ள இடத்தில் போதை மருந்துபோலத் தோன்றும். இளவயதில் தொடர்ந்து பாவிப்பது ஞாபகசக்தியைப் பாதிக்கும். சிலருக்கு மனநோயையும் தூண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இதுதான்: புகை மணம் இல்லை என்பதால் பாவனை இல்லை என்று எண்ணவேண்டாம். பிள்ளையின் நித்திரை, படிப்பு, நண்பர் வட்டம் மாறினால் அடிக்காமல், ஏசாமல் பேசுங்கள். தேவையெனில் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்தெடுக்க நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் வேண்டியதில்லை.