நூற்றெட்டு வருஷம் காத்தவர்கள்

அமெரிக்காவில், சிகாகோ நகரத்தில் ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. ரிக்லி ஃபீல்டு என்னும் பந்தாட்ட மைதானத்தின் வெளிச் சுவர் அது. 2016-ம் வருஷம் நவம்பர் மாத ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போயிருந்தீர்களானால் திகைத்து நின்றிருப்பீர்கள். கைக்கு எட்டிய உயரமெல்லாம் வண்ண வண்ணச் சாக்கட்டியால் பெயர்கள்! ஆட்டக்காரர்களின் பெயர்களும் இருந்தன, வாஸ்தவம்தான். ஆனால் அவற்றுக்கு நடுவே அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று எத்தனையோ சாதாரண மனிதர்களின் பெயர்கள். அவர்களில் பலர் என்றோ காலமாகிப் போனவர்கள்.

பந்தாட்டத்தில் ஜயித்ததற்கும் பாட்டியின் பெயரைச் சுவரில் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் வந்தேன். பேஸ்பால் என்றால் எனக்குக் கொஞ்சம் பித்து. நடுவே உணர்ச்சி வசப்பட்டால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஆட்டம் தெரியாதா?

பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்; ரவா உப்புமா கிளறுவதை விடச் சுலபம். ஒருவர் பந்தை எறிவார். எதிர்க் கோஷ்டிக்காரர் உருண்டையான மட்டையால் அடிப்பார். அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு மூலைகளையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். பந்து வேலியைத் தாண்டிப் பறந்துவிட்டால் அதற்கு ஹோம் ரன் என்று பெயர். அவசரமே இல்லாமல் சுற்றி வரலாம். மூன்று பேர் அவுட் ஆனால் அடிக்கும் முறை அடுத்த கோஷ்டிக்கு. இப்படி ஒன்பது சுற்று. அப்போதும் சமமாக இருந்தால் பத்தாவது, பதினோராவது என்று நீளும்.

வசந்த காலத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு கோஷ்டியும் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். அனேகமாகத் தினம் ஓர் ஆட்டம்! அதில் நன்றாக ஆடிய சில கோஷ்டிகள் மட்டும் அக்டோபர் மாதத்துப் பந்தயங்களுக்குப் போகும். கடைசியில் மிஞ்சுகிற இரண்டு கோஷ்டிகள் மோதுவதுதான் வேர்ல்ட் சீரீஸ். அதில் முதலில் நாலு ஆட்டம் ஜயிப்பவருக்குப் பட்டம்.

இங்கேதான் வேடிக்கையும் வேதனையும். வருஷம் முழுவதும் வகுப்பில் முதலாவதாக இருந்த பிள்ளை பரீட்சையன்று ஜுரமாகப் படுத்தால் எப்படி இருக்கும்? ஆறு மாதம் அற்புதமாக ஆடியவர்கள் அக்டோபரில் ஆறே நாளில் மூட்டை கட்டிக் கொண்டு போவது உண்டு.

கரடிக்குட்டிகள்

சிகாகோ கோஷ்டிக்குக் கப்ஸ் என்று பெயர். கரடிக்குட்டிகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர்கள் 1908-ல் பட்டம் வாங்கினார்கள். அடுத்த பட்டம் வாங்கியது எப்போது தெரியுமா? 2016-ல்! நடுவே ஓடியது 108 வருஷம். பேஸ்பால் பந்தின் தோலைச் சிவப்பு நூலால் கையாலேயே தைக்கிறார்கள். அந்த இரட்டைத் தையலும் கணக்காக 108. நம் வீட்டுப் பாட்டிமார் கேட்டால், "பார்த்தாயா, நூற்றெட்டு என்றால் சும்மாவா!" என்பார்கள்.

தோல்விக்கு ஒரு காரணமும் கண்டுபிடித்திருந்தார்கள். 1945-ல் வேர்ல்ட் சீரீஸ் நடந்தபோது, வில்லியம் சயானிஸ் என்ற மதுக்கடைக்காரர் தாம் வளர்த்த வெள்ளாட்டையும் ஆட்டம் பார்க்க அழைத்துக் கொண்டு வந்தாராம். ஆட்டை வெளியேற்றிவிட்டார்கள். கோபத்தில் அவர் சாபம் கொடுத்தார் என்பது கதை. அந்தச் சீரீஸில் கப்ஸ் தோற்றது. பிறகு 71 வருஷம் அந்தக் கட்டத்தையே எட்டிப் பார்க்கவில்லை. ஆட்டுக்கு அவ்வளவு சக்தி உண்டா என்று எனக்குத் தெரியாது. தோற்றுக் கொண்டே இருப்பவர்களுக்குச் சாய்ந்து கொள்ள ஒரு சாபமாவது வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் ஜனங்கள் கைவிடவில்லை. பெண்கள் கைவிடவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மைதானத்தில் அந்தக் காலத்தில் 'லேடீஸ் டே' என்று ஒன்று உண்டு. அன்று பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 1930-ல் அப்படிப்பட்ட ஒரு நாளில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் வந்து குவிந்து விட்டார்களாம்! ஆகவே, கப்ஸ் பைத்தியம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வந்த சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். எத்தனையோ வீடுகளில் அது அம்மா கொடுத்த சீதனம்.

பட்டமில்லாத ராஜா

ஆட்டக்காரர்களில் எனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், தயங்காமல் ஏர்னி பேங்க்ஸ் என்பேன். 1953-ல் கப்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். அந்தக் கோஷ்டியில் ஆடிய முதல் கறுப்பர் அவர்தான். 1971 வரை வேறு எந்தக் கோஷ்டிக்கும் போகாமல் அங்கேயே இருந்தார். 512 ஹோம் ரன் அடித்தார். 1958, 1959 என்று அடுத்தடுத்த இரண்டு வருஷம் தம் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு பெற்றார். இவ்வளவு இருந்தும், அக்டோபர் மாதத்துப் பந்தயங்களில் ஓர் ஆட்டம், ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை!

வேறொருவராக இருந்தால் முகம் கடுத்துப் போயிருக்கும். இவரோ, வெயில் அடிக்கிற நாளில் மைதானத்துக்கு வந்தால், 'என்ன அழகான நாள், இன்றைக்கு இரண்டு ஆட்டம் ஆடலாமே!' என்பாராம். மற்ற ஊர்க்காரர்கள் கூட அவரை 'மிஸ்டர் கப்' என்று அன்போடு கூப்பிட்டார்கள். 2015 ஜனவரியில் காலமானார். இன்னும் இருபத்தொரு மாதம் இருந்திருந்தால் பார்த்திருப்பார்!

ஒரு ரசிகருக்கு நேர்ந்தது

நல்ல கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமாகாது. 2003-ல் கப்ஸ், வேர்ல்ட் சீரீஸ் வாசலில் நின்றது. இன்னும் ஐந்தே அவுட் எடுத்தால் உள்ளே! அப்போது வேலியோரம் வந்த ஒரு பந்தைப் பிடிக்கக் கூட்டத்தில் பலர் கை நீட்டினார்கள். ஒரு ரசிகரின் கையில் அது பட்டுவிட்டது. பிடிக்க ஓடி வந்த ஆட்டக்காரருக்குப் பந்து கிடைக்கவில்லை. அதன் பிறகு எதிர்க் கோஷ்டி அந்தச் சுற்றில் மளமளவென்று எட்டு ரன் எடுத்தது. நடுவே கப்ஸ் ஆட்டக்காரர் ஒருவரே சுலபமான பந்தைக் கோட்டை விட்டார். மறு நாள் ஆட்டத்திலும் தோற்றார்கள்.

ஆனால் பழி முழுவதும் யார் தலையில் விழுந்தது? அந்தச் சாதுவான ரசிகர் தலையில்! ஏசினார்கள், கையில் கிடைத்ததை வீசினார்கள். போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. அந்த மனிதர் பணத்துக்கு ஆசைப்பட்டுப் பேட்டி கொடுக்கவில்லை. யாரையும் பதிலுக்குத் திட்டவில்லை. ஒதுங்கி வாழ்ந்தார். அன்பு அளவு மீறினால் எவ்வளவு குரூரமாக மாறும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த வருஷத்தை நினைத்தால் கப்ஸ் ரசிகர்கள் வெட்கப்பட வேண்டியது தோல்விக்காக அல்ல.

அந்த இரவு

2016-ல் கப்ஸ் 103 ஆட்டங்கள் ஜயித்து அக்டோபருக்குள் நுழைந்தது. வேர்ல்ட் சீரீஸில் எதிரி கிளீவ்லாந்து. அவர்களும் பாவம், 1948-க்குப் பிறகு பட்டம் காணாதவர்கள். முதல் நாலு ஆட்டத்தில் கப்ஸுக்கு மூன்று தோல்வி. இன்னும் ஒன்று போனால் கதை முடிந்தது. அடுத்த இரண்டையும் ஜயித்தார்கள். ஏழாவது ஆட்டம் நவம்பர் 2-ந் தேதி இரவு, கிளீவ்லாந்தில்.

டேவிட் ராஸ் என்பவருக்கு அப்போது வயது 39. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். பந்து பிடிக்க உள்ளே வந்ததும் வராததுமாகத் தப்பாக எறிந்தார். கொஞ்ச நேரத்தில் எதிரிக்கு இரண்டு ரன். 'கிழவரை ஏன் இறக்கினார்கள்!' என்று எத்தனை பேர் வாய்க்குள் முணுமுணுத்தார்களோ! அடுத்த சுற்றிலேயே அவர் ஒரு ஹோம் ரன் அடித்துக் கணக்கைச் சரிக்கட்டினார்.

எட்டாவது சுற்றில் கப்ஸுக்கு ஆறு, எதிரிக்கு மூன்று. நாலே அவுட் பாக்கி. அப்போது கிளீவ்லாந்து ஒரு ரன் எடுத்தது. அடுத்தாற்போல் ரஜாய் டேவிஸ் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. ஆறுக்கு ஆறு! ஒன்பது சுற்றும் முடிந்து சமமாக நின்றபோது, வானமும் சேர்ந்து கொண்டு மழை கொட்டிற்று. பதினேழு நிமிஷம் ஆட்டம் நின்றது.

அந்தப் பதினேழு நிமிஷத்தில், ஜேசன் ஹேவார்ட் என்ற ஆட்டக்காரர் தோழர்களை எல்லாம் ஓர் அறையில் கூட்டித் தைரியம் சொன்னார். கோடிக் கணக்கான டாலர் சம்பளம் பேசி வந்தவர். ஆனால் அந்த வருஷம் மட்டையால் அவர் சோபிக்கவே இல்லை. தம் கை ஓய்ந்திருந்தபோது மற்றவர் கையைப் பிடித்துத் தூக்கி விட்டார்.

மழை விட்டதும் முதலில் அடித்து ஓடியவர் கைல் ஷ்வார்பர். ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்து வருஷம் முழுவதும் படுத்திருந்தவர். ஓடியாடிப் பந்து பிடிக்க டாக்டர்கள் அனுமதிக்கவில்லை; அடிக்க மட்டும் சம்மதித்தார்கள்! அந்தச் சுற்றில் இரண்டு ரன். எதிரியால் ஒன்றுதான் திருப்ப முடிந்தது. நள்ளிரவு தாண்டி, எட்டுக்கு ஏழு என்று முடிந்தது நூற்றெட்டு வருஷம்.

சுவரில் எழுதியது

அன்றிரவு ஒரு மகன் பல நூறு மைல் காரோட்டிப் போய், தகப்பனாரின் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தின் வர்ணனையைக் கேட்டார். கப்ஸ் என்றைக்காவது வேர்ல்ட் சீரீஸுக்குப் போனால் இருவரும் சேர்ந்தே கேட்பது என்று அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒப்பந்தமாம். அப்பாவால் வர முடியாது, பிள்ளை போனார்.

சுவரில் எழுதியதும் அதைத்தான். 'நீ பார்க்காமல் போனதை நான் பார்த்துவிட்டேன், அம்மா!' என்று சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. பட்டம் ஆட்டக்காரர்களுடையது. காத்திருந்த காலமோ வீட்டில் இருந்தவர்களுடையது அல்லவா?

2017-ல் கப்ஸ் நிர்வாகத்தார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வெற்றி பெற்ற கோஷ்டிக்குச் செய்த வைர மோதிரங்களில் ஒன்றை, 2003-ல் பழி சுமந்த அந்த ரசிகருக்கு அனுப்பினார்கள். பதினாலு வருஷம் கழித்தாவது அவரைக் குடும்பத்தில் சேர்த்துக் கொண்டார்கள்.

மழையில் சாக்கட்டி எழுத்து நிற்குமா என்ன? அழிந்துதான் போகும். உங்கள் வீட்டிலும், 'அடுத்த வருஷம் ஆகட்டும்' என்று சொல்லியே எதற்காகவோ காத்திருந்து கண்ணை மூடிய ஒரு பெரியவர் இருந்திருப்பார். அவர் காத்திருந்தது உங்கள் காலத்தில் கைகூடும்போது, அவர் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சுவர் வேண்டியதில்லை.